பாட்டில் மூச்சு வாங்கும் இடம்

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான், ஃபஸ்லான் சேர். நீங்கள் கேட்காதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், அவரைக் கதிரையில் இருத்துங்கள், அவருக்குப் பிடித்த பாட்டைப் போடச் சொல்லுங்கள், நீங்கள் அவருடைய முகத்தைப் பாருங்கள். பெட்டி நல்லதா கூடாததா என்பதை முகம் சொல்லிவிடும்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு வட்ஸ் வேண்டும். எத்தனை வட்ஸ், எத்தனை இஞ்ச், போட்டால் பக்கத்து வீட்டு யன்னல் அதிருமா என்பார்கள். மாடு வாங்குகிறவன்கூட இவர்களைவிடப் புத்தியாகக் கேட்பான். கற்பிட்டியில் கலியாண வீடுகளுக்கு சவுண்ட் செற் வாடகைக்குக் கொடுக்கும் மஹ்ரூபை உங்களுக்குத் தெரியும்தானே. முதல் தடவை வந்தபோது அவனும் அப்படித்தான் கேட்டான்.

“பீற்றர் அண்ண, இது எத்தன வட்ஸ் ஈக்கிது?”

“தெரியாது.”

“தெரியாதெண்டா எப்புடி அண்ண விக்கிற?”

உன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். வேடிக்கை பார்க்கத்தான் கூட்டி வந்திருப்பான். மௌத்தாகிப்போன அவனுடைய வாப்பா வீட்டில் முணுமுணுத்துத் திரிந்த பழைய சினிமாப் பாட்டு எது என்று அந்த மனுஷியிடமே கேட்டு, அதைப் போட்டேன். ஜப்பானில் பழசென்று கழித்துவிட்டு இங்கே அனுப்பிய ஸ்பீக்கர், பெட்டி நான் அடித்தது. பாட்டின் முதல் வரி முடிவதற்குள் அவருடைய விரல் தஸ்பீஹ் மணியில் அப்படியே நின்றுவிட்டது. “உம்மா அழுவுறா, நிப்பாட்டுங்க அண்ண” என்று மஹ்ரூப் என் கையைப் பிடித்தான். நிப்பாட்டினேன். அவன் வட்ஸைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அந்த ஸ்பீக்கர்ச் சோடி இன்றைக்கும் அவன் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். என் மனைவி றீற்றாவின் சாவு வீட்டில் வந்தது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கடலோடு சேர்ந்த இந்தக் களப்புக் கரையில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்த காலம். அவளுக்குக் காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். அடக்கத்துக்குக் கோயில் ஹோர்ன் ஸ்பீக்கரைப் பனை மரத்தில் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை. நின்றேன், அவ்வளவுதான். “இவன் மனுசனோ கல்லோ” என்று மாமியார் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். எனக்கும் அது ஆச்சரியமாகத்தான் இருந்தது. றீற்றா நல்ல பெண், நான் அவளோடு ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அந்த ஹோர்னை இறக்கிக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வெடித்திருந்தது. வெடித்த தகட்டிலிருந்து வருவது சத்தம், பாட்டு இல்லை. அது எப்படி ஒரு மனுஷனுக்குள் இறங்கும்? எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றிலிருந்து நல்ல பெட்டி ஒன்றைத் தேடுகிறேன். வாங்கினேன், கழற்றினேன், நானே அடித்தேன், எதுவும் எனக்குள் இறங்கவில்லை. சரி, என்னை வைத்துப் பார்த்தால் காரியம் நடக்காது, இறங்குகிற ஆட்களை வைத்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். கறியில் உப்புப் பார்க்க வீட்டில் ஒரு ஆளைக் கூப்பிடுவதில்லையா, அப்படித்தான்.

பிரான்சிஸ்காவைப் போல ஒரு ஆள் எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

அவளுடைய வீட்டு வளவு என் கடைக்கு அடுத்த வளவு. வன்னியிலிருந்து வந்தவள், புருஷன் இல்லை, வெங்காயத் தோட்டங்களில் வேலை செய்வாள். என்னை அண்ணை என்பாள், நான் தங்கச்சி என்பேன். ஒரே மகன் தினுஷன். இளந்தாரி, படகுக்குப் போவான், கோயில் பாடற்குழுவில் பாடுவான். என் பெட்டிகளின் பின்பக்கத்தில் கடையின் பெயரையும் போன் நம்பரையும் பெயின்றால் எழுதித் தந்தது அவன்தான். நல்ல எழுத்து. எழுதி எழுதி அந்த நம்பர் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது.

தலவிலத் திருவிழாவுக்கென்று ஒரு வருடம் அவனை என் பின் அறையில் நிறுத்தி, சுவரெல்லாம் சாக்குக் கட்டி, புனித அன்னம்மாளுக்கு ஒரு பாட்டுப் பாட வைத்துப் பதிவு செய்தேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல பதிவு. முதல் சரணம் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்குள் அவன் மூச்சு வாங்குவான். அந்த இடத்தில் தொண்டை இலேசாகக் கட்டும், ஒரு சின்னச் செருமல் வரும், பிறகு பாடுவான். அதை வெட்டிவிடுவோமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன்.

அதற்கு அடுத்த வருடம் அவன் போய்விட்டான். பலநாள் படகில் மீனுக்குப் போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டு, வேறு ஆட்களோடு பிரான்ஸ்காரனுடைய ஏதோ ஒரு தீவுக்குப் போகப் படகேறினான். வெளிநாட்டுப் பைத்தியம், உங்களுக்குத் தெரியாததா. பிறகு அந்தப் படகின் பலகைகள் மிதந்து கிடந்ததாகக் கதை வந்தது. மற்ற வீடுகளில் பூசை வைத்தார்கள், கறுப்பு உடுத்தார்கள். பிரான்சிஸ்கா மட்டும் மாட்டேன் என்றாள்.

“உடம்பைக் காட்டுங்கோ, பூசை வைக்கிறன். காட்டாமல் என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் மெழுகுதிரி கொளுத்த வேண்டாம்” என்று பங்குச் சுவாமியாரிடமே சொல்லிவிட்டாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நீங்கள் ஊருக்குப் புதிது, கேள்விப்பட்டிருக்கமாட்டீர்கள். படகு நேரத்துக்கு வராவிட்டால் சிற்றாலயத்தின் ஹோர்னைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிடுவார்கள். படகில் போனவனுடைய வீட்டுப் பெண் மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கேட்டால் அவன் பதிலுக்குக் குரல் கொடுப்பான். குரல் வந்ததும் அந்தப் பெண் முழங்கால் தண்ணீர்வரை இறங்கிப் போய், வேறு யாரும் தொடுவதற்கு முன்னால் படகின் அணியத்தை, அதாவது முன் முனையை, தன் கையால் தொட வேண்டும். அவள் தொடாவிட்டால் தண்ணீர் அவனைத் திருப்பிக் கேட்கும் என்பார்கள். பிரான்சிஸ்காவும் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. பதில் வராதவரைக்கும் அவளைப் பொறுத்தவரை அந்தக் கூப்பாடு முடியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், ஒரு பதில்.

அவள் கடைக்கு வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தோட்டத்தில் வேலை முடிந்து பின்னேரம் வருவாள். முன் அறையில் கதிரையில் இருப்பாள். “இண்டைக்கு என்ன பெட்டி அண்ணை?” என்பாள். நான் அந்தப் பாட்டைப் போடுவேன்.

கூடாத பெட்டியென்றால் “பிள்ளை நல்லாப் பாடியிருக்கிறான்” என்பாள். சுமாரான பெட்டியென்றால் அழுவாள். நல்ல பெட்டியென்றால் அழமாட்டாள். மூச்சு வாங்கும் இடம் வந்ததும், அந்தச் செருமல் கேட்டதும், கதிரையைவிட்டு எழும்புவாள். “தொண்டை கட்டிப்போட்டுது, சுடுதண்ணி வைக்கோணும்” என்று இரண்டு அடி நடப்பாள். பிறகு எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வரும். அந்த இரண்டு அடிக்காகத்தான் நான் பெட்டிகளை விடிய விடிய அடித்தேன், சேர். கொழும்பில் பெரிய பெரிய மெசின் வைத்திருக்கிறார்கள், வளைகோடு போட்டுக் காட்டுவார்கள். அந்த மெசின்களில் எது சுடுதண்ணீர் வைக்க எழும்பும்?

அது அவளுக்கும் ஆறுதலாக இருந்தது. நான் அவளை ஒருநாளும் வா என்று கூப்பிட்டதில்லை.

தினுஷன் போன் எடுத்தது ஒரு வெயில் காலத்தில். முன்பின் தெரியாத வெளிநாட்டு நம்பர். “மாமா, நான்தான். அம்மா சுகமா இருக்கிறாவோ?” என்றான். படகு உடைந்தது உண்மைதான். வேறொரு கப்பல் இவனை ஏற்றியிருக்கிறது. எங்கோ அடைத்து வைத்து, பிறகு விட்டிருக்கிறார்கள். தாயின் பழைய நம்பர் வேலை செய்யவில்லை, நினைவில் இருந்தது பெட்டியில் எழுதிய நம்பர்தான். ஏற்றிவிட்ட ஏஜென்டுக்குப் பயந்து ஊரில் வேறு ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன், அம்மாவைக் கூட்டி வந்து வையுங்கள் என்றான்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனை எனக்குப் பிடிக்கும். அவளிடம் சொல்லத்தான் எழும்பினேன். ஆனால் அந்த வாரம் என் மேசையில் ஒரு சோடி இருந்தது. அதுவரைக்கும் நான் அடித்ததில் அதுதான் ஆகத் திறமானது என்று என் மனம் சொன்னது. அவள் அதை இன்னும் கேட்கவில்லை. கேட்கும் முன் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மகன் உயிரோடு இருக்கிறான், போனில் கதைக்கிறான் என்று தெரிந்த தாய்க்கு அந்தப் பாட்டு வெறும் பாட்டு. “நல்லாப் பாடியிருக்கிறான்” என்பாள். எல்லாப் பெட்டிக்கும் அதையே சொல்லுவாள். அதனால் அந்தச் சோடியை மட்டும் கேட்கவைத்துவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் யாருக்கும் பெரிய காரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் எடுத்தபோது, அம்மா மன்னாருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறா என்றேன். அந்தச் சோடிக்கு அவள் இரண்டு அடி இல்லை, வாசல்வரை போனாள். நான் அன்று இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அதற்குப் பிறகு அடுத்த சோடி வந்தது. நீங்கள் நினைப்பதுபோல நான் திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி பாக்கி இருந்தது, அவ்வளவுதான். அவன் எடுப்பான். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பேன், அம்மா தோட்டத்தில் நிற்கிறா என்பேன். நான் நல்லாயிருக்கிறன் எண்டு சொன்னீங்களோ என்று கேட்பான். சொன்னேன், சந்தோசப்பட்டவ என்பேன். அதைக் கேட்டு அவனும் நிம்மதியாகத்தான் இருந்தான்.

ஆனால் பொடியன் பொறுமையில்லாதவன். நீங்கள் அம்மாவைக் கூட்டிவராவிட்டால் ஏஜென்டாவது மண்ணாவது, சுவாமியாருக்கே எடுக்கிறேன் என்று ஒருநாள் பிடிவாதமாக நின்றான். எனக்கு அவன்மேல் சரியான கோபம் வந்தது. எத்தனை வருடத்து உழைப்பு. இவன் இரண்டு நிமிடம் போனில் கதைத்து எல்லாவற்றையும் நாசமாக்கப் பார்க்கிறான். “தம்பி, மனதைத் திடப்படுத்திக்கொள். அம்மா மோசம் போயிட்டா” என்றேன்.

அவன் அழுதான். அப்படி ஓர் அழுகையை ஒரு பதிவில் நான் முதலும் கடைசியுமாகக் கேட்டது அதுதான். பதிவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் போன் வருகிற எல்லா அழைப்பையும் தானாகவே பதிந்து வைக்கும். கடைக்காரர் பலரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள், சொன்ன சொல்லை வாடிக்கையாளர் மாற்றாமல் இருக்க. வேண்டுமென்று பதிந்ததில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும்.

சேமக்காலையில் வேறு யாருடையதோ புதுக் கல்லறை ஒன்று இருந்தது. பூ வைத்து அதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். அவனுக்கு அது உதவியாக இருந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு என்ர அன்னம்மாள் பாட்டைப் போடுங்கோ மாமா, அம்மாவுக்கு அது பிடிக்கும் என்று கேட்டான். அந்த நாள் வந்ததும் போட்டேன். அவனுடைய அம்மா கதிரையில் இருந்து கேட்டாள். வாக்குக் கொடுத்தால் நான் மாறமாட்டேன்.

அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அவள் மடியில் வெங்காயக் கூடையை வைத்துக்கொண்டு தாள் அரிந்தபடியே கேட்டாள். மூச்சு வாங்கும் இடம் வந்தது. கத்தி நிற்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பெட்டி அதே பெட்டி, வாசல்வரை அவளைக் கொண்டுபோன அதே சோடி.

“தங்கச்சி, ஒண்டும் தோணேல்லையோ?” என்று கேட்டேன்.

“என்னத்தைத் தோணுறது அண்ணை. அவன் அதையேதானே பாடிக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டதுக்கு ஒரு பதில் சொல்லுறானில்லை” என்றாள்.

அழாமல்தான் சொன்னாள். கத்தியை நிலத்தில் வைத்துவிட்டு, “பூசை ஒண்டு வைப்பமோ எண்டு யோசிக்கிறன்” என்றாள். அவள் ஆறத் தொடங்கிவிட்டாள், சேர். எனக்கு நெஞ்சு பகீர் என்றது. உள்ளதைச் சொல்கிறேன், றீற்றா செத்த அன்றுகூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து சிற்றாலயத்துக்குப் புது ஹோர்ன் வேண்டும் என்று சுவாமியார் கேட்டிருந்தார். பழையது துருப்பிடித்துப் போயிற்று. தண்ணீரில் நிற்கிற ஆளைக் கரைக்குக் கொண்டுவருகிற ஹோர்னாக இருக்க வேண்டும் பீற்றர், காசைப் பாராதே என்றார். நான் அதை என் கையாலேயே செய்தேன். அலுமினியம் அடித்து, வாயை இதுவரை யாரும் செய்யாத அளவுக்கு விரித்து, தகட்டை நானே வார்த்துச் செய்தேன். இப்படி ஒன்றை அறைக்குள் வைத்துப் பார்க்க முடியாது. தண்ணீருக்கு மேலேதான் பார்க்க வேண்டும். அதற்குப் பாட்டு சரிவராது, கூப்பிடுகிற குரல் வேண்டும். என்னிடம் அப்படி ஒரு குரல் இருந்தது.

தினுஷனுடைய அழுகையிலிருந்து “அம்மா” என்கிற ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்தேன். போனில் வந்த குரல் மெல்லியது, அடித்தொனி இருக்காது. பெட்டிக்கு அது குறை, ஹோர்னுக்கு அதுதான் பொருத்தம். இரண்டும் ஒன்றுக்கென்று ஒன்று செய்ததுபோல இருந்தன.

ஐப்பசி மாதம், காற்று விழுந்து களப்பு எண்ணெய்போல் கிடந்தது. செபமாலை மாதம் என்பதால் அந்தி நேரம் சனமெல்லாம் சிற்றாலயத்துக்குள் இருக்கும். பிரான்சிஸ்கா போவதில்லை. அந்த நேரத்தில் வெங்காயக் கூடைகளைக் கழுவக் கரைக்கு வருவாள். நான் ஒரு சிறிய படகில் பற்றரியையும் அம்ப்ளிபயரையும் ஹோர்னையும் ஏற்றிக்கொண்டு உச்சமுனைப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போய் நங்கூரம் போட்டேன். அணியமும் ஹோர்னும் கரையைப் பார்த்தபடி.

களப்பு அந்த இடத்தில் ஆழமில்லை, இடுப்பளவுதான். ஒரே ஒரு இடத்தில் படகுகள் போய்வர வாய்க்கால் தோண்டி, கம்பு நட்டு வைத்திருக்கிறார்கள். அது ஆளை மூடும் ஆழம். நான் நின்றது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஏன் அந்தப் பக்கம் என்று நீங்கள் நேற்று முழுவதும் கேட்டீர்கள். அங்கே சேறு இறுக்கம், நங்கூரம் பிடிக்கும். வேறு காரணம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

போட்டேன். “அம்மா.”

கூடை அவள் கையிலிருந்து விழுந்ததைப் பார்த்தேன். திரும்பவும் போட்டேன். அவள் கத்தவில்லை, அழவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. “வாறன் பிள்ளை” என்றாள். தண்ணீருக்கு மேலே சொல் தெளிவாக வரும். “வாறன், வாறன், நில்லு” என்று சொல்லிக்கொண்டு இறங்கினாள். முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் கையை நீட்டினாள். அணியத்தைத் தொடுவதற்கு. கையை நீட்டியபடியே வந்தாள்.

இரண்டு அடிக்கு எழும்பினவள், வாசல்வரை போனவள், இப்போது களப்பில் நடந்து வருகிறாள். இதற்கு மேல் ஒரு கருவிக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் பொழுது மங்கிவிட்டது, எனக்கு அவளுடைய முகம் தெரியவில்லை. முகத்தைப் பார்க்காமல் ஒரு பெட்டியைப் பற்றி முடிவு சொல்வது என் வழக்கமில்லை. அதனால் நிப்பாட்டாமல் விட்டேன். கம்புகளுக்குக் கிட்ட வந்தபோது டோர்ச் அடித்தேன்.

நான் அந்த முகத்தைப் பார்த்தேன், சேர். அதில் சந்தேகம் ஒரு துளியும் இல்லை. மகன் வந்துவிட்டான் என்று இருந்த முகம். வாய்க்கால் அவளுக்குத் தெரியாததில்லை, எத்தனை வருடமாக அந்தக் கரையில் இருக்கிறவள். அவள் அதை மறந்தாள் என்றால், அந்த ஹோர்ன் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

கை கடைசியாகத்தான் உள்ளே போனது. அணியத்துக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு படகின் அகலம் இருந்திருக்கும்.

நான் முதலில் வயர்களைக் கழற்றினேன். உப்புத் தண்ணீர் பட்டால் அம்ப்ளிபயர் போய்விடும். அதையும் ஹோர்னையும் தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். அவளைப் படகில் ஏற்றியபோது உயிர் இருக்கவில்லை. தவறி விழுந்துவிட்டாள் என்று கரையில் சொன்னேன். மனுஷிக்கு மகனை நினைத்துப் புத்தி பேதலித்திருந்ததென்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

அடக்கத்துக்குப் புது ஹோர்னைக் கட்டினோம். அன்னம்மாள் பாட்டைப் போட்டேன். சுவாமியார் அழுதார், மஹ்ரூப் வந்திருந்தான், அவனும் கண்ணைத் துடைத்தான். நான் எல்லோருடைய முகத்தையும் பார்த்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது.

தினுஷனுக்கு இதை அறிவிக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அவன் தாய்க்காக ஏற்கெனவே அழுது முடித்துவிட்டான். இன்னொரு தடவை அழவைப்பது பாவம். பாடற்குழுப் பிள்ளை ஒன்று அடக்கத்தை வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போடும் என்று யார் கண்டது. தினுஷன் அதில் தாயின் முகத்தையும் திகதியையும் பார்த்திருக்கிறான், தன்னுடைய பாட்டையும் கேட்டிருக்கிறான். உங்களுக்குப் போன் எடுத்திருக்கிறான்.

இன்று காலை அவன் அனுப்பிய குரல் செய்தியை உங்கள் போனில் போட்டுக் காட்டினீர்கள். “மாமா, அம்மா மோசம் போயிட்டா எண்டு நீங்கள் எனக்குச் சொன்ன அண்டைக்கு அம்மா எங்க இருந்தவ? அதை மட்டும் சொல்லுங்கோ” என்று கேட்கிறான். கேட்கிறதில் நியாயம் இருக்கிறது, சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவள் என் கடையின் முன் அறையில், கதிரையில் இருந்தாள். பாட்டுக் கேட்க வந்து காத்துக்கொண்டிருந்தாள். நான் பின் அறையில் நின்று அவனோடு கதைத்தேன். அவன் கத்தியது போனைத் தாண்டி அவளுக்கும் கொஞ்சம் கேட்டிருக்கிறது. “ஆரண்ணை அது, பாவம், இப்பிடி அழுகுது?” என்று கேட்டாள். தெரியாத ஆள், நம்பர் மாறி எடுத்துவிட்டான் என்றேன். “ஆர் பெத்த பிள்ளையோ, ஒரு ஆறுதல் சொல்லிப்போட்டு வையுங்கோவன்” என்றாள்.

எல்லாவற்றையும் செய்தது நான்தான். மறைத்தது, செத்துவிட்டாள் என்றது, கூப்பிட்டது, நிப்பாட்டாமல் விட்டது. எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ வைக்கிறேன்.

நீங்கள் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முறை சரி, நான் சொல்லும் முறைதான். நீங்கள் தேடியது என் முகத்தில் வரவில்லை என்பதையும் கவனித்தேன். உங்கள் கண்ணில் என் மாமியார் கேட்ட அதே கேள்வி இருந்தது. ஆனால் சேர், விரல் நகம் அளவு ஸ்பீக்கர் அது, அதற்குள் எவ்வளவு தூசி அடைத்திருக்கிறதோ. என் கடையில் மேசைக்குக் கீழே கறுப்புத் துணியால் மூடிய ஒரு சோடி இருக்கிறது. ஒரு கொன்ஸ்தாப்பிளை அனுப்பி அதை எடுப்பித்து, இந்த மேசையில் வைத்து அவனுடைய குரலைப் போடுங்கள். அப்போது பாருங்கள், நான் அழுவேன்.